அப்பாவுக்குக் கண்ணில் வெல்டிங் அடித்தது

கண்ணில் வெல்டிங் அடித்தால் தாய்ப்பால் விட வேண்டும். எங்கள் தெருவில் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் பால், வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு என்று எதையாவது கண்ணில் வைத்துக்கொண்டு வந்தால் உள்ளேயே விடமாட்டேன் என்பார். அவர் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று வருகிற வழியிலேயே விசாரிக்கிற ஊர் எங்களுடையது.

வெல்டிங் அடிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரும்பை ஒட்டும்போது வருகிற நீல வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடலாம், சிரிக்கலாம், டிவி பார்க்கலாம். ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் அது தன் வேலையைக் காட்டும். கண்ணுக்குள் ஒரு பிடி மணலைப் போட்டு, இமையை மூடி, மேலே கையை வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்குமாம். திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் ஆள் ஒன்றுக்கும் உதவமாட்டான்.

என் அப்பா வெல்டர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேலே தகரம், மூன்று பக்கமும் தகரம், முன்பக்கம் ரோடு. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, லாட்ஜுகளுக்கு இரும்புக் கட்டில், சுண்டல் வண்டியின் உடைந்த அச்சு என்று எது வந்தாலும் ஒட்டுவார். சீசன் வந்தால் ஊருக்கே கொண்டாட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் வாசமும் தலையில் ஈரத்துண்டுமாக வேன் வேனாக ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். சாரலை நினைத்து எரிச்சல்படுகிற ஒரே ஜாதி வெல்டர் ஜாதிதான். உருக்கி ஒட்டுகிற இரும்புக் குச்சி, ராடு, நமத்துப்போகும். நமத்த ராடில் நெருப்பு ஒழுங்காகப் பிடிக்காது, பிடித்தாலும் ஒட்டிய இடம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். அதனால் சீசன் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில், மற்ற வீடுகளில் வற்றல் டப்பா இருக்கிற இடத்தில், ராடு பாக்கெட்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். அம்மா சோற்றைக் கிளறுகிற கையோடு அவற்றையும் ஒரு தடவை திருப்பிப் போடுவாள்.

அப்பா கண் விஷயத்தில் ரொம்பக் கறார். ராடை இரும்பில் உரசுவதற்கு முன்னால் 'கண்ணு' என்று ஒரு குரல் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் கொடுப்பார். பட்டறையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் கொடுப்பார். ரோட்டில் போகிற ஆட்டுக்குட்டிக்காகவும் அப்பா குரல் கொடுப்பதாக எதிர் டீக்கடைக்காரர் கேலி செய்வார். அந்தக் குரல் கேட்டதும் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எனக்கு அது எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், பள்ளிக்கூடத்தில் டீச்சர் யாரையாவது 'கண்ணு' என்று கொஞ்சினால்கூட என் கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

அவரிடம் வேலை பழகியவர்களுக்கு அடித்திருக்கிறது. கேட்டைப் பிடித்துக்கொள்ள வந்தவர்களுக்கு அடித்திருக்கிறது. சும்மா வேடிக்கை பார்த்த மாவுமில்காரருக்குக்கூட அடித்து, அவர் மூன்று நாள் மில்லைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு நாளும் அடித்ததில்லை. அடி வாங்குகிறவர்களை அவர் மதிக்கவும் மாட்டார்.

"கண்ணக் காப்பாத்தத் தெரியாதவன் இரும்ப என்னத்த ஒட்டப் போறான்?" என்பார்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, நல்ல சாரலில், அம்மாவின் அண்ணன் குவைத்திலிருந்து லீவில் வந்தார். மாமா வந்தால் வீட்டில் வாசமே மாறிவிடும். சென்ட், கோடாலித் தைலம், வெளிநாட்டு சோப்பு. அந்தத் தடவை அவர் சாமான்களோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தார். அவர் வேலை பார்க்கிற கம்பெனியில் பைப் வெல்டர்கள் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் டெஸ்ட். அப்பாவின் பெயரை அவரே சொல்லி வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். டெஸ்டில் தேறினால் போதும், அடுத்த மாதமே விமானம்.

அம்மா ஆசைப்பட்டதைக் குறை சொல்ல முடியாது. விடிந்ததிலிருந்து பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே கிடந்து, நிமிரும்போது 'அம்மாடி' என்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிற பெண் அவள். சாரல் வந்தால் எங்கள் வீட்டில் எந்தெந்த இடத்தில் சட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மாமா சொல்லி முடித்ததும் அவள் பீடித்தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். வேலை நேரத்தில் அவள் அப்படித் தள்ளி வைத்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்தவர்தான். நான் அம்மா வயிற்றில் இருக்கும்போது போய், நான் ஓடியாடித் திரிகிற வயதில் திரும்பி வந்தார். பெட்டியோடு வருகிற ஆம்பிளை எல்லாம் எனக்கு மாமாதான் என்பதால் அவரையும் 'மாமா' என்று கூப்பிட்டேனாம். தூக்க வந்தபோது வீரிட்டு அழுதேனாம். இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அங்கே என்ன வேலை, எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் "சூடுதான்" என்பதோடு முடித்துவிடுவார். ராட்சச எண்ணெய்த் தொட்டிகளுக்குள் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை வழியாக இறங்கி, உள்ளேயே உட்கார்ந்து ஒட்டுகிற வேலை அது. புகை வெளியே போக வழி கிடையாது. இதுவும் மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு மாமா செய்தியைச் சொன்னதும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் தம்ளரில் இருந்த காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலுப்பா இருக்கு மச்சான்" என்றார்.

"அலுப்பு யாருக்குத்தான் இல்ல மாப்ள? அங்கன வந்தா அலுப்பெல்லாம் பறந்துரும்" என்று மாமா அவர் தொடையில் தட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பட்டனை அமுக்கினால் நாலு பக்கமும் திறக்கிற பென்சில் டப்பா ஒன்றும், நடந்தால் லைட் எரிகிற ஷூ ஒன்றும் எனக்கு அதற்குள் உறுதியாகிவிட்டிருந்தன. மறுநாளே வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன்.

அலுப்பு என்ற வார்த்தையை அந்த வயதில் நான் ஒரு வியாதியாகவே எண்ணியதில்லை. தும்மல் மாதிரி, கொட்டாவி மாதிரி, வரும், போகும். இப்போது சென்னையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களிடம் நாள் முழுவதும் பொறுமையாகப் பேசுகிற ஒரு வேலையில் இருக்கிறேன். சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சில சமயம், இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவதற்கே அலுப்பாக இருக்கும். நின்றுகொண்டே இன்னும் இரண்டு ஸ்டாப் போய்விடுவேன். யாரிடமாவது சொன்னால் நன்றாகத் தூங்கு என்பார்கள். மாமா சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த வாரம் முழுவதும் அப்பா பைப் ஒட்டிப் பழகினார். பழகினார் என்பதே தப்பு, மாமாவின் திருப்திக்காகச் செய்து காட்டினார். டெஸ்டில் பைப்பைச் சாய்வாக நிறுத்தி இறுக்கிவிடுவார்களாம். அதைத் திருப்பக்கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். மேலே ஒட்டும்போது குனிந்து, பக்கவாட்டில் ஒட்டும்போது சரிந்து, அடியில் ஒட்டும்போது கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு. அடியில் ஒட்டும்போது உருகின இரும்பு கீழே சொட்டத்தான் பார்க்கும். சொட்ட விடாமல் அதை மேலேயே நிற்க வைப்பதுதான் கைவேலை. ராடை இரும்புக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் தள்ளினால் நெருப்பு அணையும். அப்பா இதையெல்லாம் காதால் செய்வார். வடைச் சட்டியில் எண்ணெய் சரியாகக் காய்ந்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் விடாமல் வந்தால் ஒட்டு சரி. சத்தம் உடைந்தால் உள்ளே ஓட்டை.

மாமா பழைய இரும்புக் கடையிலிருந்து பைப் துண்டுகளை வாங்கி வந்து போடுவார். அப்பா சுற்றி வந்து ஒட்டுவார். மாமா அதைக் குறுக்கே அறுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓட்டையைத் தேடித் தேடி அவருக்கே அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கடைசித் துண்டை அறுத்துப் பார்த்துவிட்டு, இனி இவருக்குப் பழக்கம் வேண்டாம், நாளைக்கு ரயில் ஏறினால் போதும் என்று அம்மாவிடம் வந்து சொன்னார். சுரண்டையில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற வேலை பாக்கி இருந்ததால் அங்கே கிளம்பிப் போனார். அம்மா பெட்டியைக் கீழே இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சின்னத் தூக்குவாளியில் சுக்குக் காப்பியை ஊற்றி, அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றாள் அம்மா. குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். பட்டறை வாசலில் ஆள் இல்லை. எதிர் டீக்கடையில் மட்டும் ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கி, நனைந்த தலையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அந்த வடைச் சத்தம் கேட்டது. உடையாத, ஒரே சீரான சத்தம். நான் பழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரத்துத் தகரத்தை ஒட்டி நின்றேன். சத்தம் நின்றால்தான் உள்ளே போக வேண்டும் என்பது சட்டம்.

சத்தம் நின்றது. நான் காலை எடுத்து வைப்பதற்குள் மறுபடி ஆரம்பித்தது. 'கண்ணு' என்ற குரல் வரவில்லை. இது எனக்குக் கோபமாக இருந்தது. எல்லோருக்கும் சட்டம் போடுகிறவர் தானே மறந்தால் எப்படி? தகரத்தில் ஆணி பெயர்ந்த ஒரு ஓட்டை உண்டு. ஒரு கையால் கீழ்ப்பக்கத்தை, நெருப்பு இருக்கிற பக்கத்தை, மறைத்துக்கொண்டு அது வழியாக உள்ளே பார்த்தேன்.

அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தக் கைத்தட்டி, வெல்டர்கள் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வது, சுவரில் அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் முழுக்க நீலமும் வெள்ளையுமாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணை இமைக்கவே இல்லை. நேராக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராடு தீர்ந்ததும் இன்னொன்றை மாட்டினார். மறுபடி உரசினார், மறுபடி பார்த்தார். என்ன ஒட்டுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. ஏதோ ஒரு வேண்டாத இரும்பு ஆங்கிள் துண்டைத் தரையில் போட்டு அதன் மேலேயே ராடை உருக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழகிப் பழகி அப்பாவுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்கிற அளவுக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறவர் ஒருவரைப் பொருட்காட்சியில் பார்த்திருந்தேன். அப்பா அவரையும் மிஞ்சிவிட்டார்.

"எப்பா, சுக்குக் காப்பி!"

நெருப்பு சட்டென்று அணைந்தது. அப்பா இருந்த இடத்திலேயே தூக்கிப்போட்ட மாதிரி திரும்பினார். "எப்பம்ட்டி வந்த?"

"இப்பதான்."

"வெளிச்சத்தப் பாத்தியா?"

"இல்லப்பா. உங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

கையிலிருந்ததைக் கீழே போட்டார். பிறகு என்னைக் குடத்துப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய், தண்ணீரை அள்ளி அள்ளி என் முகத்தில் அடித்தார். இரண்டு கண்ணையும் மேல் இமை கீழ் இமை விரித்துப் பார்த்தார். ராத்திரி கண் கரித்தால் உடனே எழுப்பிச் சொல்ல வேண்டும் என்றார். உங்களுக்குக் கரிக்காதா என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் செய்யாது என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வெளியே போவதற்கு முன் அந்தக் கைத்தட்டியை ஆணியிலிருந்து எடுத்து, கறுப்புக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, திரும்பவும் அதே ஆணியில் மாட்டினார். இரண்டு பேருமாகச் சுக்குக் காப்பி குடித்தோம்.

சனிக்கிழமை நான் எழுந்தபோது அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு மேலே ஈரத்துண்டு. துண்டுக்குக் கீழேயிருந்து தண்ணீர் தாரையாக இறங்கித் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தார். அம்மாவின் முகம் அதைவிட மோசம். பக்கத்தில் பெட்டி தயாராக நின்றது, மேலே தேய்த்த சட்டை.

"ஏட்டி, ஓடு. எதிர்வீட்டு அக்காட்ட அப்பாவுக்குக் கண்ணுல வெல்டிங் அடிச்சிட்டுன்னு சொல்லிப் பால் வாங்கிட்டு வா" என்றாள் அம்மா.

எதிர்வீட்டு அக்கா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். கையில் அகப்பட்ட தம்ளரை எடுத்துக்கொண்டு சாரலில் ஓடினேன். அது எங்கள் வீட்டில் அப்பா மோர் குடிக்கிற தம்ளர். அக்காவின் அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

"எம்மாடி! எம்புட்டுத் தம்ளர எடுத்துக்கிட்டு வந்திருக்கா பாரு! ஏட்டி, உங்கப்பனுக்குக் கண்ணுக்கா, காப்பிக்கா?"

அக்கா சிரித்தாள். பாவம், இரவெல்லாம் பிள்ளை தூங்க விடவில்லை போல, சிரிக்கும்போதே கண் சொருகியது. அப்பாவுக்கா அடித்தது, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் கொஞ்சம் கொடுத்தாள். மழைத்தண்ணீர் விழாமல் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நடந்து வந்தேன். அம்மா விரலால் தொட்டுத் தொட்டு அப்பா கண்ணில் விட்டாள்.

அதற்குள் மாமா வந்துவிட்டார். விஷயத்தைக் கேள்விப்பட்டு மருந்துக்கடையில் சொட்டு மருந்தும் வாங்கிக்கொண்டே வந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஒரு நாளும் அடிக்காத ஆளுக்கு இன்றைக்குப் பார்த்து எப்படி அடித்தது என்று கேட்டார்.

"கண்ணாடியில கீறல் விட்டிருக்கு போல மச்சான்" என்றார் அப்பா.

"நேத்துக் காலைல நானே போட்டுப் பாத்தேனே மாப்ள. நல்லாத்தான இருந்துச்சு."

அப்பா ஈரத்துண்டைக் கண்ணோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மாமா கொஞ்ச நேரம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். இந்தச் சந்தர்ப்பம் போனால் மறுபடி வராது, எத்தனை பேரிடம் சொல்லிப் பெயரைச் சேர்த்திருக்கிறேன் தெரியுமா என்றார். பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்தார். ராத்திரி முழுக்க ரயிலில் கண்ணை மூடிக் கிடக்கட்டும், மருந்து விட்டுக்கொண்டே போகலாம், கையைப் பிடித்து நான் கூட்டிப்போகிறேன், பைப் முன்னால் உட்காருகிற நேரத்துக்கு ஒரு கண் திறந்தால் போதும், இவர் ஒட்டிவிடுவார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்பா உண்மையிலேயே ஒட்டிவிடுவார்.

"என்ன மாப்ள, போயிரலாம்லா?"

"சரி மச்சான்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு உயிர் வந்தது. தேய்த்த சட்டையை எடுத்து விரித்தாள். அப்பா கண்ணை மூடியபடியே எழுந்து நின்று, குழந்தை மாதிரி ஒவ்வொரு கையாக நீட்டினார். அம்மா கீழேயிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கோ, என் அப்பாவைப் போய்க் கண்ணாடிக் கீறலுக்கு ஏமாந்த ஆளாக மாமா நினைக்கிறாரே என்று பொறுக்கவில்லை.

"கீறலும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. அப்பா கண்ணாடியே இல்லாமத்தான் வெல்டிங் வச்சாவ. நான் பாத்தேன். தட்டிய ஆணில மாட்டிட்டு, நெருப்பையே பாத்துக்கிட்டு இருந்தாவ. கண்ணே சிமிட்டல!"

அம்மாவின் கை பட்டனில் நின்றது. அண்ணாந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது, அவர் துடைக்கவில்லை.

"என்னட்டி சொல்லுத? எப்பம் பாத்த?" என்றார் மாமா.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். "அவ கெடக்கா. ராத்திரியெல்லாம் காய்ச்சல், என்னத்தையோ ஒளறுதா. நேத்து இவள நான் பட்டறைப் பக்கமே அனுப்பல."

தூக்குவாளியில் காப்பியை ஊற்றி, மூடியை அமுக்கி, குடையையும் எடுத்துக் கொடுத்தவள் அவள்! "நீதானம்மா சுக்குக் காப்பி..." என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அம்மா பாலாடையை என் கையில் திணித்து, இன்னும் கொஞ்சம் பால் வாங்கி வா என்று வாசலுக்குத் தள்ளினாள். படி இறங்கும்போது அவள் குரல் பின்னால் கேட்டது. "எண்ணே, அவிய வரமாட்டாவ. கண்ணு போயிட்டுன்னா எங்கள யாரு பாப்பா? நீ வேற ஆளப் பாத்துக்கோ." மாமா ஏதோ உரக்கச் சொன்னார். அவள் திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

மாமா வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். சுரண்டைக்காரர் ஒருவர் அந்த டிக்கெட்டில் போய், டெஸ்டில் தேறி, குவைத்துக்கும் போய், இப்போது ரோட்டோரமாக மாடிவீடு கட்டியிருக்கிறார். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். அவள் திருப்பிக்கொள்வதில்லை. எட்டி நன்றாகப் பார்த்துவிட்டு, "அந்த இரும்புக் கேட்டு யாரு செஞ்சதோ, ஒட்டு ஒண்ணும் சரியில்ல" என்பாள். மாமா எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோப்பு வருவது நின்றது. அம்மா இன்னும் பீடி சுற்றுகிறாள், அப்பா இன்னும் ஒட்டுகிறார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

அன்றைக்கு நான் பாலாடையோடு எதிர்வீட்டில் போய் நின்று ஓவென்று அழுதேன். அக்காவும் அவள் அம்மாவும் அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து, கண் போகாது, நாளைக்கே சரியாகிவிடும் என்று தேற்றினார்கள். நான் நியாயத்துக்காக அழுதேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, நான் உளறவில்லை, இதை அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பாலோடு திரும்பி வந்தபோது வாசலில் மாமாவின் செருப்பு இல்லை. உள்ளே அப்பா தரையில் படுத்திருந்தார், தலை அம்மா மடியில். சட்டைப் பட்டன்கள் எல்லாம் கழன்றிருந்தன. நான் வந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அலுப்பா இருக்குன்னு சொன்னேம்லா" என்றார் அப்பா.

அவர்கள் என்ன பேசிக்கொண்டார்களோ, எனக்கு அதில் அக்கறை இல்லை. என் வழக்கு அப்படியே தீராமல் கிடந்தது. நேரே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பா, நீங்களே சொல்லுங்க. நான் நேத்து காப்பி கொண்டாந்தேன்லா? நீங்க கண்ணாடி இல்லாமத்தான வெல்டிங் வச்சிய?"

அப்பா கையை நீட்டித் தடவினார். முதலில் பாலாடை தட்டுப்பட்டது, பிறகு என் மணிக்கட்டு. அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாட்டி. நீ சொன்னது நெசந்தான்" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. சொன்ன பொய் அப்பா வாயாலேயே வெளிப்பட்டுவிட்டதே, அந்த வெட்கம்தான் என்று எண்ணிக்கொண்டேன். நன்றாக அழட்டும் என்று இருந்தது எனக்கு.